கடையில் ஒரு வாசம், வீட்டில் ஒரு வாசம்: அத்தர் வாங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிச் சந்தை தொடங்கிவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பாவிலும் பீடோரிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் அத்தர் மேசைகள் வந்துவிடும். 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லி என்று கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். பண்டிகை முடிந்த கையோடு ஒரே புகார் வீட்டுக்கு வீடு கேட்கும்: "கடையில மோந்தப்ப ஒரு வாசம், வீட்டுல போட்டா வேற வாசம். ஏமாத்திட்டான்."

பெரும்பாலும் இதில் ஏமாற்று இருப்பதில்லை. முகர்ந்த விதம்தான் தவறு. சில நேரம் உண்மையிலேயே ஏமாற்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வாங்குகிறவர் காசும் வீணாகாது, நேர்மையாக விற்கிறவர் பெயரும் கெடாது. அதற்காகவே இக்கடிதம்.

ஓர் அத்தருக்குள் ஒரே ஒரு வாசனை இருப்பதில்லை. பத்து, இருபது, சிலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வாசப்பொருள்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆவியாகிப் போகும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. சந்தனத்துக்கு உயிரான சந்தலால் கொதிக்க 300 டிகிரி வேண்டும். ஈரத்துணி காய்வதற்குக் கொதிக்க வேண்டியதில்லையே, அதுபோல இவையும் கொதிக்காமலே தோலை விட்டுக் கிளம்புகின்றன. ஆனால் இலேசானவை முந்திக்கொள்ளும், கனமானவை கடைசிவரை உட்கார்ந்திருக்கும். பழத்தோல் வாசம் அரை மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். ரோஜா, மல்லி, கெனாங்கா போன்ற பூ வாசங்கள் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், பச்சிலை (பச்சோலி), அகில், கஸ்தூரி வகைகள் மாலைவரை, சில நேரம் மறுநாள் காலைவரை நிற்கும்.

மூடியைத் திறந்தவுடன் மூக்கில் அறைவது, குப்பியின் கழுத்துக்குள் தேங்கிக் கிடந்த, முந்திக்கொண்டு கிளம்பும் இலேசான வாசங்களின் கூட்டம்தான். அதை வைத்து அத்தரை எடை போடுவது, கல்யாண வீட்டில் வாசலில் நிற்கும் நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு சாப்பாடு எப்படி என்று சொல்வது மாதிரி. காலையில் பூசினால் மாலைவரை நாம் கூடவே வைத்துக்கொள்ளப் போவது கடைசியில் நிற்கும் வாசத்தைத்தான். காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

சென்ட்டுக்கும் அத்தருக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். அடிக்கும் சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். அது ஒரு நிமிடத்துக்குள் பறந்துபோகும்போது வாசத்தையும் கூடவே தூக்கி அறை முழுக்க விசிறிவிடும். எண்ணெய் அப்படிப் பறக்காது. வாசத்தைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதனால் அத்தர் வாசம் ஒரு கை எட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சென்ட் அடித்துப் பழகியவர்கள், "ஒன்னும் வரலையே" என்று ஆறேழு சொட்டு தேய்த்துக்கொள்கிறார்கள். உடம்புச் சூட்டில் அது ஒரு மணி நேரம் கழித்து எழும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி. கண்ணாடிக் குச்சியால் மூன்று நான்கு தொடுதல், அதாவது மொத்தமாக ஒன்றிரண்டு சொட்டு, ஒரு நாளைக்குத் தாராளம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கணக்கிட்டால் 3 மில்லி குப்பியை நாளுக்கு இரண்டு சொட்டாக ஒரு மாதம் பூசலாம்.

இனி, தோல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூன்று காரியம் செய்கிறது.

முதலாவது சூடு. தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி இருக்கும். முகரும் அட்டைச் சீட்டுக்கு இந்தச் சூடு கிடையாது. அதனால்தான் அட்டையில் மெதுவாக நடக்கும் அத்தர், கையில் ஓடுகிறது. நண்பகல் வெயிலில் தாப்பாக் கடைத்தெருவில் நடந்தால் இன்னும் வேகம். அதே குப்பியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோய்ப் பூசினால் தோல் குளிர்ந்திருப்பதால் வாசம் அடங்கியே இருக்கும், ஆனால் நெடுநேரம் நிற்கும். (மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணத் தேங்காய் எண்ணெயில் கலந்த அத்தர் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து வெள்ளையாகிவிடும். கெட்டுப்போகவில்லை. உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்தால் இளகிவிடும்.)

இரண்டாவது, தோலில் ஊறும் எண்ணெய். எண்ணெய்ப் பசை உள்ள தோல் வாசத்தைத் தன்னில் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். வறண்ட தோலில் அந்தப் பிடிமானம் இல்லாததால் சீக்கிரம் போய்விடும். ஒரே குப்பி அண்ணன் கையில் இரவுவரை இருப்பதும் தங்கை கையில் மதியமே போய்விடுவதும் இதனால்தான். தோலின் அமிலத்தன்மைதான் வாசத்தை மாற்றுகிறது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு அவ்வளவு பங்கு இல்லை. சூடும் எண்ணெயும் வியர்வையும்தான் பெரிய காரணங்கள். வறண்ட தோல்காரர்கள் குளித்துத் துடைத்த சூட்டோடு, வாசமில்லாத களிம்பு அல்லது சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டைத் தேய்த்துவிட்டு, அதன்மேல் அத்தரைத் தொட்டுவைத்தால் பலன் கண்கூடாகத் தெரியும்.

மூன்றாவது, ஏற்கெனவே தோலில் இருக்கும் வாசம். இது நம் ஊருக்கே உரிய விஷயம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீபாவளியன்று விடியலில் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிறோம். எவ்வளவு தேய்த்தாலும் முழங்கை மடிப்பிலும் கழுத்துப் பின்புறமும் நல்லெண்ணெய் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதன்மேல் அத்தர் பூசினால் முதல் வாசம் எழும்பாமல் அமுங்கிக் கிடக்கும், எள்ளின் மணமும் சேர்ந்துகொள்ளும். சந்தனம், வெட்டிவேர், அகில் ஆகியவற்றுக்கு எள் மணம் பொருந்தும். பழ வாசமும் இளம்பூ வாசமும் உள்ளவை அதோடு சேர்ந்தால் பழைய பலகாரம் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு அப்படிப்பட்டதைப் பூசத்தான் வேண்டுமென்றால் எண்ணெய் படாத இடமாகப் பார்த்து, முன்கையில் பூசுங்கள். பவுடர் போட்ட இடத்தில் பூசவே வேண்டாம். பவுடர் எண்ணெயை உறிஞ்சி, வாசத்தை மொண்ணையாக்கிவிடும். திருநீறும் அப்படித்தான்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கும் கோப்பையில் உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலைத் தூக்குகிறவர்களுக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. கட்டிப்பாலில் நுண்ணுயிர்கள் பெருகி உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் அந்தப் புளித்த வாடைக்குக் காரணம். அவை நகக்கண்ணிலும் கைரேகையிலும் புகுந்து ஒரு சவர்க்காரக் குளியலில் போகாது. அந்தக் கையின் மணிக்கட்டில் வனிலா, கஸ்தூரி போன்ற தித்திப்பு வாசம் பூசினால் இரண்டும் கலந்து குமட்டும். வேலை முடிந்து வருகிறவர்கள் மணிக்கட்டை விட்டுவிட்டு மார்பிலும் முழங்கை உட்புறத்திலும் தொட்டுவையுங்கள். வெட்டிவேர், செராய் (எலுமிச்சைப்புல்) போன்ற வேர், புல் வாசங்களை எடுங்கள். புளிப்போடு அவை சண்டை போடுவதில்லை. அக்குளில் எந்த அத்தரும் வேண்டாம். வியர்வை வாடையை அத்தர் மறைக்காது, அதோடு கலந்து மூன்றாவது ஒரு வாடையை உண்டாக்கும்.

மணிக்கட்டு என்றதும் நினைவுக்கு வருவது, பூசியவுடன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம். தேய்த்தால் வாசம் நசுங்கிப் போகும் என்பார்கள். நசுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. தேய்க்கும்போது சூடு ஏறுகிறது, எண்ணெய் மெல்லியதாகப் பரவுகிறது, முதலில் கிளம்ப வேண்டியவை இன்னும் வேகமாகக் கிளம்பிவிடுகின்றன. அரை மணி நேரம் அனுபவிக்க வேண்டிய தொடக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொட்டு வைத்துவிட்டு அப்படியே விடுவதே நல்லது.

இப்போது, அதிகமாகப் புகார் வரும் இரண்டு வாசங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

ஒன்று மல்லி. பூவில் இண்டோல் என்ற ஒரு பொருள் இருக்கிறது. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையும் சாக்கடையும் சேர்ந்த வாடை. துளியளவு இருந்தால்தான் மல்லிக்கு மல்லி என்ற உயிரே வரும். தலையில் வைத்த சரம் மறுநாள் வாடும்போது ஒரு கனத்த நெடி வருமே, அதில் இண்டோலுக்குப் பங்குண்டு. அத்தரிலும் அதே கதை. பூசியவுடன் பழச்சாயல் கொண்ட இனிப்பு முன்னால் நிற்கும். அது மெல்லப் போய்விட, இரண்டாம் மூன்றாம் மணி நேரத்தில் பின்னால் நின்ற இண்டோல் வெளியே தெரியும். "மல்லி புளிச்சுப் போச்சு" என்று குப்பியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். புளிக்கவில்லை ஐயா, அதுதான் மல்லி. அந்தக் கனம் பிடிக்காதவர்கள் சந்தனம் சேர்த்த மல்லியைக் கேட்டு வாங்கலாம். ஒரு கிலோ மல்லிச் சாரத்துக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும், ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். ஆகவே பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் மல்லி, தொழிற்சாலையில் சேர்த்த வாசம்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அப்படியென்று சொல்லி விற்றால்.

மற்றொன்று நம் நாட்டுச் சரக்கான காஹாரு, நம் பாட்டிமார் கூந்தலுக்குப் புகை காட்டிய அகில். காராஸ் மரம் காயப்பட்டுப் பூஞ்சை தாக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் பிசின் சுரந்து கறுக்கிறது. அந்தக் கறுத்த கட்டையைச் சீவி, நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு வடிக்கிறார்கள். ஊறும்போது நொதிப்பதால் எண்ணெயில் மாட்டுத்தொழுவ வாடை ஏறுகிறது. குப்பியைத் திறந்து முகர்கிறவர் முகம் சுளித்து வைத்துவிடுவார். முன்கையில் அரைச் சொட்டு வைத்துக் காத்திருந்தால், அந்தத் தொழுவம் மெல்லப் பின்வாங்கி, தேனும் பதனிட்ட தோலும் பழைய மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசம் எழும். அது சட்டைக்கைக்குள் மறுநாள்வரை இருக்கும். குப்பி வாயை மட்டும் முகர்ந்து வாங்குகிறவருக்கு இது ஒருநாளும் கிடைக்காது. இம்மர இனம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

எப்படிச் சோதித்து வாங்குவது? சந்தைக்குக் கிளம்புமுன் முன்கையை வெறும் தண்ணீரில் அல்லது வாசமில்லாத சவர்க்காரத்தில் கழுவுங்கள். அன்று வேறு சென்ட், களிம்பு வேண்டாம். ஒரு கைக்கு இரண்டு அத்தருக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்கடை இடம் விடுங்கள். மூக்கைத் தோலில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி முகருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு தரம், அரை மணியில் ஒரு தரம், இரண்டு மணி நேரத்தில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம். நடுவில் மூக்கு மரத்துப்போனால் காப்பிக் கொட்டை முகரச் சொல்வார்கள். சும்மா காற்றை இழுப்பதைவிட அதில் கூடுதல் பயன் இல்லை. அத்தர் படாத உங்கள் தோலையே முகர்ந்தால் போதும். கஸ்தூரி வகைச் செயற்கை வாசங்கள் சிலருடைய மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது. உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் கூட வந்தவரை முகரச் சொல்லிப் பாருங்கள், குப்பி வெறுமையாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

"அண்ணே, ஒரு தொடு தொட்டு விடுங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்குச் சம்மதிக்காத மேசையில் வாங்காதீர்கள்.

உண்மையான ஏமாற்றுக்கு வருவோம். வட இந்தியாவில் கன்னோசியில் இன்றும் செம்புப் பானையில் பூவை வேகவைத்து, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியே கொண்டுபோய், சந்தனத் தைலம் இருக்கும் பாத்திரத்தில் குளிரவைத்து அத்தர் இறக்குகிறார்கள். அங்கே சந்தனம்தான் அடிஎண்ணெய். சந்தன மரத்தில் வைரம் பாய்ந்து எண்ணெய் சேர 15, 20 ஆண்டுகளாவது வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. அதனால் இப்போது விற்கும் பெரும்பாலானவற்றில் அடிஎண்ணெய் திரவ பாரஃபினாகவோ டிபிஜி எனப்படும் டைபுரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானாகவோ இருக்கும். டிபிஜி வாசனைத் தொழிலில் வழக்கமாகப் பயன்படுவதுதான். அதைச் சேர்த்துவிட்டு "சுத்தச் சந்தனத் தைலம்" என்று எழுதி ஒட்டுவதுதான் மோசடி. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டிபிஜி தண்ணீரோடு கலந்துபோய், வாசப்பொருள் மட்டும் மேகம்போல் கலங்கி நிற்கும். பாரஃபின் கலப்பு அப்படியே மிதக்கும். தோலில் பூசினால் வாசம் போன பிறகும் அதன் பிசுபிசுப்பு மட்டும் மணிக்கணக்கில் இருக்கும். காகிதத்தில் சொட்டு விட்டுக் கறை போகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சந்தனம், வெட்டிவேர், பச்சிலைக்குச் செய்யாதீர்கள். சுத்தமானதே கறை விடும். சந்தனம் அசலா என்பதை உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். வீட்டுச் சோதனை எதுவும் போதாது.

சட்டமும் நம் பக்கம்தான். மலேசியாவில் வாசனைத் திரவியங்கள் அழகுப் பொருள்களாகக் கருதப்படுவதால், விற்குமுன் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையான என்பிஆர்ஏவுக்கு அறிவித்து 'என்ஓடி' என்று தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். முகமையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

தோல் பாதுகாப்பைச் சொல்லாமல் விடுவது தவறு. பெர்கமாட் என்ற ஆரஞ்சு வகைப் பழம், எலுமிச்சை ஆகியவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கழுத்தில் வழிந்த கோடுபோலக் கருந்திட்டு விழுந்து மாதக்கணக்கில் இருக்கும். வெயில் படும் தோலில் தங்கும் பொருள்களில் பெர்கமாட் எண்ணெய் 0.4 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது உலக வாசனைத் தொழில் அமைப்பான இஃப்ராவின் வரம்பு. செம்பனையில் பகலெல்லாம் குலை வெட்டுகிறவர்கள் இவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கவே கூடாது. பழைய எலுமிச்சை, லவெண்டர் எண்ணெய்கள் காற்றுப் பட்டு மாறி அரிப்பு உண்டாக்கும். கிராம்பு, இலவங்கப் பட்டை கலந்தவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிதாக வாங்கியதை முன்கை உட்புறத்தில் ஒரு தொடுதல் வைத்து இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமை பூசிய அன்றே தெரியாமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கிளம்பும். சவரம் செய்த கன்னத்திலும் கைக்குழந்தைக்கும் வேண்டாம். பட்டுச் சேலையில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது; வனிலா கலந்தது வெள்ளை வேட்டியில் நாளடைவில் பழுப்பேறும்.

குப்பியைச் சாமி மேடையில் விளக்குக்குப் பக்கத்தில் வைப்பது, காரிலேயே விட்டுவிடுவது, இரண்டும் அத்தரைக் கொல்லும். துணி அலமாரியின் இருட்டு போதும். உருளைக் குப்பிகள் வசதிதான், ஆனால் ஒவ்வொரு முறை உருட்டும்போதும் தோலின் அழுக்கும் வியர்வையும் உள்ளே திரும்பிப் போகின்றன. சில மாதத்தில் எண்ணெய் கலங்கி வாடை அடிக்க இதுவே காரணம். கண்ணாடிக் குச்சியால் தொட்டு, துணியில் துடைத்து மூடுங்கள். பாதி தீர்ந்ததைச் சின்னக் குப்பிக்கு மாற்றினால் உள்ளே காற்று குறையும். பழ வாசங்களை ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சிலையும் சந்தனமும் வெட்டிவேரும் நன்றாக மூடிவைத்தால் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறும்.

இவ்வாண்டு தீபாவளிச் சந்தையில் மேசை போடும் வியாபாரிகளை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இவைதாம். ஒவ்வொரு வாசத்துக்கும் திறந்த மாதிரிக் குப்பி ஒன்றும் தனிக் கண்ணாடிக் குச்சி ஒன்றும் வையுங்கள். குப்பி வாயை வாடிக்கையாளர் மூக்கில் நீட்டாமல் முன்கையில் தொட்டுவிட்டு, சந்தையைச் சுற்றிவரச் சொல்லுங்கள். அடிஎண்ணெய் என்ன, குப்பியில் அடைத்த மாதம் எது என்ற இரண்டையும் சீட்டில் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அத்தர் விற்பனையில் உள்ள வாசகர்கள்,
தாப்பா, பேராக்.